மணி அடித்ததும் உள்ளே போனவள்

ஆகஸ்ட் 12, சனி

வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இங்கிலாந்தில், தம்பி குடும்பம் இருக்கும் லீட்ஸ் நகரத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். சுற்றிலும் புல், புல்லுக்குள் ஆடுகள், ஆடுகளைப் பிரிக்கக் கல் அடுக்கிய சுவர்கள். மனிதர்களை இன்னும் பார்க்கவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தம்பி ததேயுஸ் அரிசி, இட்லி மாவு, குக்கர், மீன் ஊறுகாய் என்று காரிலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தான். ஒரு வார விடுமுறைக்குக் கல்யாண வீட்டுச் சாமான்.

இந்த நோட்டை யாரும் வாசிக்கப் போவதில்லை என்று நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. கன்னியாஸ்திரியாகப் பயிற்சி தரும் நவகன்னியர் இல்லத்தில் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தைக்கூட ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும், மதர் வாசித்து ஒட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் இதிலும் 'நான் நலம்' என்று தொடங்கப் போனேன்.

எனக்கு மாடியில் பெரிய அறை. வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்கள். "சிஸ்டர் மேலதான் படுக்கணும்" என்றான் ததேயுஸ். என்னைவிட ஆறு வயது இளையவன், இடுப்பில் தூக்கி வளர்த்தவன். நான் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து அவனுக்கும் நான் சிஸ்டர், பெற்ற அம்மாவுக்கும் சிஸ்டர். 'வாங்க, இருங்க' மரியாதைதான். அவன் மனைவி வினோலியா எனக்குத் தனித் தட்டு எடுத்து வைக்கிறாள். மகள் ஈவாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நான் 'சிஸ்டர் அத்தை'.

முதுகுவலிக்கு இரண்டு மாத ஓய்வு என்று இவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். முதுகு வலிப்பது உண்மைதான். பெட்டியில், செபப் புத்தகத்துக்குள், ரோமாபுரியிலிருந்து வந்த ஒரு தாள் இருப்பதும் உண்மை. நான் கேட்டுத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அந்த நிமிடமே நான் கன்னியாஸ்திரி இல்லை. போடவில்லை என்றால் செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாளுக்குள் மடத்தில் இருக்க வேண்டும். 'நன்றாக யோசி மகளே' என்று சபைத் தலைவி மதர் ஜெனரல் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடம், அதில் பதினான்கு வருடம் ஹாஸ்டல் வார்டன். இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பூசைக்கு நாற்பது நிமிடம் கார். கோயிலில் பதினேழு பேர், எங்களையும் சேர்த்து.

மதியம் வெந்நீர் போட்டுக்கொள்ளலாமா என்று வினோலியாவிடம் கேட்டேன். அவள் பதறிவிட்டாள். "என்ன சிஸ்டர், இதுக்கெல்லாமா கேப்பீய?" அதன்பிறகு யாரையும் கேட்காமல் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட் எடுத்துத் தின்றேன். பிறகு இன்னொன்று.

ஆகஸ்ட் 14, திங்கள்

குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

பக்கத்தில் ஒரு பழைய மடம் இடிந்து கிடக்கிறது, பார்த்துவிட்டு வரலாம் என்று ததேயுஸ் கூட்டிப்போனான். இடிந்த கட்டடத்துக்கு டிக்கெட்டா என்று கேலி செய்துகொண்டே போனேன். ஆற்றங்கரையோரம், மரங்களுக்குள் இருபது நிமிட நடை. வினோலியாவின் கோட்டு எனக்கு முழங்கால்வரை வந்தது, அதற்குக் கீழே சேலை. ஆற்றோடு பாதையும் திரும்பியது. மரங்கள் முடிந்தன. எதிரே கோயில் நின்றது.

"ஆண்டவரே!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கூரை இல்லை. கண்ணாடி இல்லை. தரை முழுக்கப் பச்சைப் புல். ஆனால் தூண்கள் நிற்கின்றன, ஒரு பக்கத்துக்குப் பத்து. அவற்றின் மேல் வளைவுகள், வளைவுகளுக்கு மேல் இன்னொரு அடுக்கு ஜன்னல்கள், அதற்கும் மேலே வானம். பீடம் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னல். அந்த ஓட்டை வழியாக நம் ஊர்க் கோயிலின் இரண்டு கோபுரத்தையும் உள்ளே நுழைத்துவிடலாம், திருவிழாச் சப்பரமும் கூடவே போகும். அதன் வழியாக மேகம் நகர்ந்து போனது. நான் தலையை அண்ணாந்தபடியே நின்றேன். கழுத்து வலித்ததும்தான் வாய் திறந்திருப்பது தெரிந்தது.

கிட்டத்தட்டத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் கட்டியதாம். வெள்ளை அங்கித் துறவிகள் நானூறு வருடம் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு ஓர் அரசன் நாட்டிலிருந்த எல்லா மடங்களையும் மூடிவிட்டான். கூரை ஈயத்தை உருக்கி எடுத்துக்கொண்டார்களாம்.

அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம். கோயிலை விட்டுப் பக்கவாட்டில் இறங்கியதும் அந்த இடம் எனக்குத் தெரிந்த இடமாகிவிட்டது. சுவரில் நீளமாக ஒரு கல்தொட்டி இருந்தது. "இங்கதான் கை கழுவியிருப்பாங்க, அடுத்த வாசல் சாப்பாட்டறை" என்றேன். வாசலுக்குள் போனால் சாப்பாட்டறைதான். சுவருக்குள்ளேயே ஏழெட்டுப் படி ஏறியது. "சாப்பிடும்போது ஒருத்தர் ஏறி நின்னு வாசிப்பார், மத்தவங்க பேசக் கூடாது" என்றேன். ஈவா ஓடிப்போய்ப் பலகையைப் படித்துவிட்டு, "ஆமா, அத்தை சொன்னதுதான் போட்டிருக்கு!" என்று கத்தினாள். சமையலறையும் நோயாளிகள் இடமும் தவிர, குளிர்காய நெருப்பு எரிந்த ஒரே அறை எது, பேச அனுமதி இருந்த சின்ன அறை எது, தவறுகளை எல்லார் முன்னும் சொல்லி மன்னிப்புக் கேட்கும் அறை எது, எல்லாம் நானே காட்டினேன்.

"எப்பிடித் தெரியும் சிஸ்டர்? படிச்சிட்டு வந்தீயளா?" என்றாள் வினோலியா.

"பசிச்ச வயித்தோட வரிசையில நின்ன ஆளுக்குத் தெரியாதா வினோலியா?"

எல்லோரும் சிரித்தோம். கடைசியாக, தூங்கும் கூடத்திலிருந்து நேரே கோயிலுக்குள் இறங்கும் படி. இரவு இரண்டு மணிக்கு மணி அடித்ததும் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வருவதற்காகக் கட்டியது. ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருக்கிறது. கல் அது. கால்கள்தான் தேய்த்திருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு குழியில் என் காலை வைத்தேன். சரியாக இருந்தது. எத்தனை ஆயிரம் பேர், எத்தனை லட்சம் இரவு என்று கணக்குப் போடப் பார்த்து முடியாமல் அழுகை வந்துவிட்டது. ததேயுஸ் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டான். "பாத்தியா, சிஸ்டர் செபிக்காங்க" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னான். நான் செபிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மழை. மாதா விண்ணேற்புத் திருநாள். வினோலியா பாயசம் வைத்தாள்.

அம்மா போனில் வந்தாள். ஊரில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்களாம். "சிஸ்டரோட அம்மான்னு பங்குச் சாமியாரே கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனார். ஒங்களாலதான்" என்றாள். முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தேவலை என்றேன். வேறு என்ன என்றாள். வேறு ஒன்றுமில்லை என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

மழை விடவில்லை. துணி காயவில்லை. தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். பேனா கீழே கூடத்தில் இருந்தது, அதனால்தான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

மழை விட்டதும் மறுபடியும் மடத்துக்குப் போகலாம் என்று நான்தான் கேட்டேன். நான் ஒன்று வேண்டும் என்று கேட்டது அவர்களுக்கே புதுசு. மூன்று மணிக்குப் போனோம். அங்கே ஹேசல் என்று ஓர் அம்மாள், அறுபது வயதிருக்கும், டிக்கெட்டும் அவர்தான், விளக்கம் சொல்வதும் அவர்தான், சாயங்காலம் கதவு பூட்டுவதும் அவர்தான். தவறுகளைச் சொல்லும் அறையில் எங்களை நிறுத்தி, "கடைசியாகத் துறவிகள் கூடியதும் இங்கேதான்" என்றார். மடத்தை ஒப்படைக்கும் பத்திரம் ஒன்றை அரசனின் ஆள் வைத்தானாம். இருபத்து நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்களாம்.

"மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லையா?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன்.

"இங்கே யாரும் சொல்லவில்லை. சொன்ன வேறு சில மடங்களில் தூக்கில் போட்டார்கள்."

"பிறகு எங்கே போனார்கள்?"

"சிலர் பங்குக் கோயில்களுக்கு, சிலர் சொந்தக்காரர் வீட்டுக்கு. பலரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை." ஹேசல் கொஞ்சம் யோசித்தார். "ஒன்று மட்டும் எனக்கு நிச்சயம். அடுத்த ராத்திரி இரண்டு மணிக்கு, எங்கே படுத்திருந்தாலும், அத்தனை பேருக்கும் விழிப்புத் தட்டியிருக்கும்."

அங்கேயே கல் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர்களைக் கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். நானோ கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். இதை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஐந்தரைக்கு ஈவாவுக்கு ஐஸ்கிரீம் வேண்டும் என்று மூவரும் வெளியே டீக்கடைக்குப் போனார்கள். நான் பின்னால் வருகிறேன் என்று ஆற்றுப் பக்கச் சுவரோரம் நின்றேன். அப்போதுதான் மணி அடித்தது. கையில் பிடித்து ஆட்டும் மணி. பார்வை நேரம் முடிந்தது, எல்லோரும் வெளியே போங்கள் என்று ஹேசல் அடித்துக்கொண்டு போகிறார். எல்லோரும் வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

நான் கோயிலுக்குள் போனேன்.

யோசித்துச் செய்யவில்லை. சாயங்காலம் மணி அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போக வேண்டும். பாதி எழுத்து எழுதியிருந்தால் மீதி எழுத்தையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். இருபத்திரண்டு வருடம் கால்கள் கற்றது அதுதான். தூண் வரிசையைத் தாண்டி, பாடகர் இருக்கைகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில், இடது பக்கம் இரண்டாம் வரிசையில் என் இடம் என்று நானே வைத்துக்கொண்டு புல்லில் நின்றேன். கை கட்டினேன். மாலைப் புகழ் செபத்தின் முதல் வரியை வாய் சொல்லிவிட்டது. எதிர்வரிசை பதில் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. தூணின் உச்சியில் ஒரு சின்னக் காக்கை மட்டும் கத்தியது. அப்போதுதான் எனக்கு நான் செய்த காரியமே உறைத்தது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துத் திரும்பிப் போகலாம் என்றால், போக முடியவில்லை.

நான்கு வருடமாக நான் செபித்ததே இல்லை. இதை எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட. வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் தவறவில்லை. சொல்லும்போது அந்தப் பக்கம் ஆள் இல்லை. போன் கட்டாகிவிட்டது தெரியாமல் பேசுகிறவளைப்போலப் பேசிக்கொண்டே இருந்தேன். அதனால்தான் மதர் ஜெனரலுக்கு எழுதினேன்.

இன்று அந்தக் கூரையில்லாத கோயிலில், யாரும் கூப்பிடாத நேரத்தில், அந்தப் பக்கம் ஆள் இருந்தார். இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காட்சி எதுவும் இல்லை, குரல் இல்லை. வெயில் அந்தப் பெரிய ஜன்னலுக்கு மேலே ஏறிக் கல் முழுதும் தேன் நிறமானது. பறவைகள் ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறின. என் குரல் அங்கே கேட்டது. பயமாக இருந்தது. அத்தனை உயரமான சுவர்களுக்கு நடுவே நான் ஒரு பொருட்டே இல்லை, ஆனாலும் என் குரலுக்குக் காது கொடுத்தார். எப்போது முழங்காலில் விழுந்தேன் என்று தெரியாது. ஈரம் சேலையைத் தாண்டி ஊறியிருந்தது. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன், அதை இங்கே எழுதமாட்டேன்.

இந்த ஊரில் கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருப்பதால் நேரம் தெரியவில்லை. இரும்புக் கதவில் யாரோ அறையும் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். பூட்டிய கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ததேயுஸ். அவனுக்குப் பின்னால் ஹேசல் மூச்சிரைக்கச் சாவியோடு வந்துகொண்டிருந்தார். கிராமத்தில் அவர் வீட்டைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறான். ததேயுஸின் பேன்ட் முழங்கால்வரை சேறு.

"ஏ அக்கா! ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஒன்னர மணி நேரமா தேடுதேன்! ஆத்துல விழுந்துட்டியோன்னு கரை பூரா ஓடிட்டு வாரேன்! உள்ள என்ன செஞ்சிட்டிருந்த?"

அக்கா என்றான். ஒனக்கு என்றான். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு என் தம்பி என்னைத் திட்டினான். இன்னும் கொஞ்சம் திட்டமாட்டானா என்றிருந்தது.

"இத்தனை வருடத்தில் என் மணியைக் கேட்டு உள்ளே போன ஆள் நீங்கள் ஒருவர்தான்" என்று ஹேசல் பூட்டைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில், கல்சுவர்மேல் அவனை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். தாளைப் பற்றி, செப்டம்பர் எட்டைப் பற்றி, நான்கு வருடத்தைப் பற்றி, இன்று உள்ளே நடந்ததைப் பற்றி. அவன் சேற்றுக் காலைப் பார்த்தபடியே கேட்டான். முடிந்ததும் நிமிர்ந்தான்.

"அப்ப இங்க வாரதுக்கு எழுதின நர்ஸ் பரீட்சைக்கு? மூணாவது தடவை எழுதினப்போ? ஒம்பது நாள் செபம் சொல்லுதேன்னு சொன்னீயளே."

மரியாதை திரும்ப வந்துவிட்டது.

"சொன்னேன் ததேயு. வாய் சொல்லிச்சு."

"ஒங்க செபத்துலதான் நான் இங்க வந்து நிக்கேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அப்ப யார் செபத்துல பாசானேன்?"

"நீ படிச்ச. நல்லாப் படிச்ச."

அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. எழுந்து, வினோலியாவும் ஈவாவும் காத்திருந்த காரில் போய் ஏறினான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

காலையில் இட்லி. ததேயுஸ் சாப்பிடாமல் நடக்கப் போய்விட்டான். திரும்பி வந்து, நான் பாத்திரம் கழுவும்போது, வாசல்படியில் நின்று பேசினான்.

"இப்பதான் செபம் வந்துட்டுல்லா. அப்ப திரும்பிப் போங்களேன். எல்லாம் சரியாப் போச்சே."

நான் ராத்திரி முழுதும் இதைத்தான் யோசித்தேன். அவனிடம் உள்ளதைச் சொன்னேன். "அங்க போனா மறுபடியும் வாய்தான் சொல்லும் ததேயு. நாப்பத்தி நாலு வயசுல இத ஒருக்கத் தொலைச்சுட்டு மீட்டிருக்கேன். இன்னொருக்கத் தொலைக்க எனக்குப் பயமா இருக்கு."

"அம்மா செத்துருவா."

"சொல்லுதேன். நானே சொல்லுதேன்."

அவன் போய்விட்டான். ராத்திரியே அவன் சொல்லி எல்லாம் தெரிந்திருந்த வினோலியா, அவன் சாப்பிடாமல் விட்ட இட்லிக்கு அடுப்புப் பக்கம் தேங்காய்ச் சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் பேனாவை வாங்கிச் சாப்பாட்டு மேசையிலேயே அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். கடுகு வெடித்தது. இடி இடிக்கும் என்றா எதிர்பார்த்தேன், தெரியவில்லை. "இதுல உப்பு பாருங்க" என்று கரண்டியில் சட்னி நீட்டினாள். சிஸ்டர் என்று சேர்க்கவில்லை, வேறு எதுவும் சேர்க்கவும் இல்லை. உப்பு சரியாக இருந்தது. பிறகு அவள் தோளில் சாய்ந்து அழுதேன், அவளும் அழுதாள், தாளிப்பு தீய்ந்தது.

மதியம் தபால்பெட்டியில் போட்டேன்.

ஆகஸ்ட் 19, சனி

வீட்டைக் காலி செய்தோம். கிளம்புமுன் வாசலில் நின்றே அம்மாவுக்குப் போன் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது. அப்புறம் கட்டாகிவிட்டது. கட் செய்துவிட்டாள்.

ததேயுஸ் காரை எடுத்தான். நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்தியபோது போன் அடித்தது. ததேயுஸ் ஸ்பீக்கரில் போட்டான்.

"செப்டம்பர் எட்டு, மாதா பொறந்தநாளு முடியட்டும்" என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. "அதுவரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது. ததேயு, ஒனக்கும்தான்."

"சரிம்மா" என்றான் அவன்.

"சாமியாருட்ட நான் பேசிக்கிடுதேன். நாக்காலிய வேற யாருக்காவது போடட்டும்." நெடுநேரம் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இத்தன வருசமா எது வந்தாலும் சிஸ்டருட்டச் சொன்னாப் போதும்னு இருந்தேன். இனி நான் யாருட்டப் போயி செபிக்கச் சொல்லுவேன்?"

எனக்கு முன்னால் ததேயுஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். அவனுக்கும் அதே கேள்விதான் என்று பின்னாலிருந்தே தெரிந்தது.

"எங்கிட்டச் சொல்லும்மா" என்றேன். "இப்பச் சொல்லு."

அம்மா தயங்கினாள். பிறகு முழங்கால் வலி என்றாள். படி இறங்க முடியவில்லை, வலது கால் என்றாள். ததேயுஸ் திரும்பாமலே, திங்கட்கிழமையிலிருந்து புது வார்டு, பயமாக இருக்கிறது என்றான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. ததேயுஸ் வண்டியை எடுக்கவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தான்.